கைதானவன் கறுப்பு அங்கி அணியலாமா?

கேள்வி: ஐயா, நான் தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முடித்துவிட்டு, வழக்கறிஞராகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கப் போகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்துச் சாலை மறியல் செய்தோம். போலீஸார் எங்களைக் கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்திருந்துவிட்டு மாலையில் அனுப்பினார்கள். பிறகுதான் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதமாகக் கூடுதல்), 188 (அரசு அதிகாரியின் உத்தரவை மீறுதல்), 341 (வழிமறித்தல்) ஆகிய பிரிவுகளில் வழக்கு போட்டிருப்பது தெரிந்தது. ஓராண்டுக்குப் பின் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதாக ஸ்டேஷனில் சொன்னார்கள். அப்போது நான் ஓர் இடதுசாரி மாணவர் அமைப்பில் இருந்தேன்; இப்போது இல்லை. பதிவுப் படிவத்தில் குற்ற வழக்கு பற்றிக் கேட்கிறார்கள். ‘வழக்குதான் முடிந்துவிட்டதே, இல்லை என்று எழுதிவிடு, யாருக்குத் தெரியப் போகிறது’ என்கிறார் என் மாமா. அமெரிக்காவில் ஷ்வேர் என்பவரின் வழக்கில், கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து பலமுறை கைதானவரைக்கூட வழக்கறிஞராகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்ததாக வகுப்பில் படித்தோம். அது எனக்கு உதவுமா? நான் என்ன எழுத வேண்டும்? பதிவுக் கட்டணம் பற்றியும் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பிக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். ஒரு வரியையும் மறைக்க வேண்டாம். மாமா உங்கள்மீதுள்ள பாசத்தால்தான் அப்படிச் சொல்கிறார். குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பிள்ளை வக்கீலாகப் போகும்போது, கடைசிப் படியில் கால் இடறிவிடுமோ என்று பெரியவர்கள் அஞ்சுவது இயல்பு. ஆனால் உங்கள் விஷயத்தில் உண்மையைச் சொல்வதால் வரக்கூடிய இடர் மிகச் சிறியது. பொய் சொன்னால் வரும் இடர் உங்கள் தொழில் வாழ்க்கை முழுவதும் உங்கள் பின்னாலேயே வரும். இதற்கு நம் நாட்டுச் சட்டமே போதுமான ஆதாரம். அதற்கு முன் ஷ்வேரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அந்தத் தீர்ப்பின் முடிவை மட்டும் படித்துவிட்டு அது எப்படி வந்தது என்பதைப் படிக்காமல் விட்டால் தவறான பாடத்தைத்தான் எடுத்துக்கொள்வோம். சட்டக் கல்லூரி வகுப்பில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

ருடால்ஃப் ஷ்வேர் 1914-ல் நியூயார்க்கின் ஏழைப் பகுதி ஒன்றில் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே செய்தித்தாள் விற்கத் தொடங்கியவர். அவர் பள்ளிப் படிப்பை முடிக்கும் காலத்தில் அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் கிடந்தது. 1932-ல், பதினெட்டு வயதில், இளம் கம்யூனிஸ்ட் கழகத்தில் சேர்ந்தார். பிறகு தொழிற்சாலை வேலைக்குப் போனார். யூதர்களுக்கு எதிரான வெறுப்பு வேலை தரும் இடங்களில் பரவியிருந்த காலம் அது. அவர் யூதர். வேலை கிடைக்கவும், தன்னோடு வேலை செய்த இத்தாலியர்களிடையே தொழிற்சங்கம் கட்டவும் வசதியாக இருக்கும் என்று ஓர் இத்தாலியப் பெயரை வைத்துக்கொண்டார். 1933 முதல் 1937 வரை இப்படி மாற்றுப் பெயர்களில் வாழ்ந்தார்.

1934-ல் கலிபோர்னியாவில் கப்பல் துறைத் தொழிலாளர்களின் போராட்டம் கடுமையாக நடந்தது. வேலை நிறுத்தம் செய்தவர்களைப் போலீஸார் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள். ஷ்வேரும் பிடிபட்டார். வன்முறையால் அரசியல் மாற்றம் கொண்டுவர முயன்றதாகச் சந்தேகம் என்றார்கள். குற்றச்சாட்டு எதுவும் பதியவில்லை, விசாரணையும் நடக்கவில்லை, விட்டுவிட்டார்கள். பின்னர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்புக்காகப் போரிட ஆள் திரட்டினார் என்று 1940-ல் நடுநிலைச் சட்டத்தின்கீழ் வழக்கு வந்தது. அதை விசாரணைக்கு வருவதற்கு முன்பே அரசு கைவிட்டது. அதே 1940-ல் அவர் கட்சியை விட்டு விலகினார். ஸ்டாலின் ஹிட்லரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை அவரால் ஏற்க முடியவில்லை.

அதன் பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கையையும் கவனியுங்கள். 1944-ல் ராணுவத்தில் சேர்ந்து, பாராசூட் படைக்குத் தானே முன்வந்தார். 1946-ல் நற்பெயரோடு விடுவிக்கப்பட்டார். படிப்பைத் தொடர்ந்தார். 1950-ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் சேர்ந்தார். சேர்ந்தவுடன் டீனிடம் போய்த் தன் பழைய கதையை முழுவதும் சொல்லி, படிக்கலாமா வேண்டாமா என்று ஆலோசனை கேட்டார். படியுங்கள் என்றார் டீன். மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் காப்பாற்ற ஒரு தொழில் நடத்திக்கொண்டே சட்டம் படித்தார்.

1953 டிசம்பரில், வழக்கறிஞராகச் சேர விரும்புவோரின் தகுதியைப் பார்க்கும் நியூ மெக்சிகோ பார் தேர்வு வாரியத்திடம் விண்ணப்பித்தார். மாற்றுப் பெயர் எதுவும் வைத்திருந்தீர்களா, கைதாகியிருக்கிறீர்களா என்று படிவம் கேட்டது. இரண்டுக்கும் ஆம் என்று எழுதினார். தேர்வு எழுத வந்த இடத்தில், உங்களை அனுமதிக்க முடியாது என்றது வாரியம். முறையான விசாரணை வேண்டும் என்று கேட்டார். 1954 ஜூலையில் அது நடந்தது. மாற்றுப் பெயர்கள், கைதுகள், நாசவேலை அமைப்புகளோடு முன்னாளில் இருந்த தொடர்பு ஆகிய மூன்றையும் வைத்துப் பார்க்கும்போது, வழக்கறிஞருக்கு வேண்டிய நல்லொழுக்கம் அவருக்கு இருப்பதாக வாரியம் திருப்தியடையவில்லை என்பதுதான் மறுப்புக்குச் சொன்ன காரணம்.

அந்த விசாரணையில் ஷ்வேர் என்ன செய்தார் என்பதைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். தானே சாட்சி சொன்னார். கட்சியில் எப்போது சேர்ந்தார், ஏன் சேர்ந்தார், ஏன் விலகினார் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். அவருடைய மனைவி வந்து சொன்னார். அந்த ஊர் யூதர் தொழுகைக்கூடத்தின் குரு வந்தார். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் வந்தார். சட்டப் பள்ளி டீனின் செயலாளர் வந்தார். உடன் படித்த வகுப்புத் தோழர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் அவருக்காகக் கடிதம் கொடுத்திருந்தார்கள். ராணுவத்திலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்களைக்கூட ஆவணமாகக் கொடுத்தார். அவருக்கு எதிராக வாரியம் ஒரு சாட்சியைக்கூட நிறுத்தவில்லை.

ஆனாலும் நியூ மெக்சிகோ உச்ச நீதிமன்றம் வாரியத்தின் பக்கமே நின்றது. பக்குவமான வயதில் ஆறேழு ஆண்டுகள் அந்தக் கட்சிக்கு விசுவாசமாக இருந்தவர் சந்தேகத்துக்குரிய ஒழுக்கமுள்ளவரே என்றது. கம்யூனிஸ்ட் என்ற பெயரைச் சொன்னாலே ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேலையிழந்த காலம் அது என்பதை நினைவில் வையுங்கள்.

1957 மே 6 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் பங்கேற்ற எட்டு நீதிபதிகளும் ஷ்வேருக்குச் சாதகமாகவே முடிவெடுத்தார்கள். நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக். வழக்கறிஞராக வருபவருக்கு உயர்ந்த தகுதி வேண்டும் என்று மாநிலம் கேட்கலாம், நல்லொழுக்கம் வேண்டும் என்றும் கேட்கலாம். ஆனால் எந்தத் தகுதியைக் கேட்டாலும் அது அந்தத் தொழிலைச் செய்வதற்கான பொருத்தத்தோடு நியாயமான தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் மையம். அந்தத் தகுதி ஒருவரிடம் இல்லை என்று முடிவு கட்டவும் ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லாமல் ஒருவரின் தொழில் வாசலை அடைப்பது, அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தம் உறுதியளிக்கும் முறையான சட்ட நடைமுறையை மீறுவதாகும்.

பிறகு வாரியம் சொன்ன மூன்று காரணங்களையும் பிளாக் ஒவ்வொன்றாக எடுத்தார். மாற்றுப் பெயர் யாரையும் ஏமாற்றிப் பணம் பறிக்கவோ குற்றத்தை மறைக்கவோ வைக்கப்பட்டதல்ல. வேலை பெறவும் சங்கம் கட்டவும் வைக்கப்பட்டது. கைதைப் பற்றி அவர் எழுதியதைத்தான் நீங்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கைதானார் என்ற ஒன்று மட்டுமே அவர் தவறு செய்தார் என்பதற்குச் சான்றாகாது. அப்படிச் சான்றாகும் என்றாலும் அதன் எடை மிகமிகக் குறைவு. போலீஸார் சந்தேகப்பட்டார்கள் என்பதை மட்டுமே கைது காட்டுகிறது. கட்சியைப் பற்றி, ஷ்வேர் உறுப்பினராக இருந்த காலத்தில் அது சட்டப்படி இயங்கிய கட்சி, பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலில் வேட்பாளர்களை நிறுத்திய கட்சி என்று நினைவூட்டினார். பசியும் வேலையின்மையும் சூழ்ந்த ஆண்டுகளில் பலர் பல காரணங்களுக்காக அதில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர் ஒவ்வொருவரும் தீய நோக்கத்தோடுதான் சேர்ந்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றையும் கூட்டிப் பார்த்தாலும், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வாழ்ந்து காட்டிய வாழ்க்கைக்கு எதிரில் அவை நிற்கவில்லை.

ஒருவரின் தகுதியை அவர் விண்ணப்பிக்கும் நாளில் எப்படிப்பட்டவராக இருக்கிறார் என்பதை வைத்து அளக்க வேண்டும் என்ற இந்தப் பார்வையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு மிகவும் தேவை. கட்டண உயர்வை எதிர்த்துச் சாலையில் உட்காருகிறவன் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாதவன்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறுவது அபூர்வம். போலீஸ் பதிவேட்டை மட்டும் வைத்து ஒழுக்கத்தை அளந்தால் நீதிமன்றத்துக்குள் யார் வருவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் ஷ்வேர் தீர்ப்பை, பழசு எதுவும் கணக்கில்லை என்று சொல்லும் தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். அது அப்படிச் சொல்லவில்லை. அந்த வழக்கில் நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர் தனியாக ஓர் இணக்கத் தீர்ப்பு எழுதினார்; அதாவது, முடிவை ஏற்றுக்கொண்டு தன் காரணங்களைத் தனியே சொன்னார். கிளார்க், ஹார்லன் ஆகிய இருவரும் அதில் சேர்ந்துகொண்டார்கள். வழக்கறிஞர் தொழில் மனிதர்களின் உயிரையும் உடைமையையும் கையில் வைத்திருக்கும் தொழில், அதில் நுழைபவரிடம் உண்மை பேசும் குணமும் நாணயமும் ரகசியம் காக்கும் உறுதியும் கட்டாயம் எதிர்பார்க்கப்படும் என்று அவர் எழுதினார். அந்தப் பட்டியலில் முதலில் வருவது உண்மை பேசுவது. இப்போது ஷ்வேரின் கதையைத் திரும்பிப் பாருங்கள். கைதானீர்களா என்ற கேள்விக்கு அவர் 1953-ல் ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் உச்ச நீதிமன்றத்தில் என்ன சொல்லியிருக்க முடியும்? 1934-ல் நடந்த கைது அவருடைய இன்றைய ஒழுக்கத்தைக் காட்டாது என்று வாதிடலாம். 1953-ல் எழுதிய பொய்யைப் பற்றி அப்படி வாதிட முடியாது. எட்டு நீதிபதிகளையும் ஒரே பக்கம் நிற்க வைத்தது அந்தப் படிவத்தில் அவர் நேர்மையாக எழுதிய பதில்தான் என்பது என் உறுதியான கருத்து.

இதே காலத்தில் இன்னொருவரின் வழக்கும் நடந்தது. வகுப்பில் பெரும்பாலும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த மனிதர் என்பதால் சொல்கிறேன். ஜார்ஜ் அனஸ்டாப்லோ இரண்டாம் உலகப் போரில் விமானப் படைப் பிரிவில் பணியாற்றியவர். சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் வகுப்பில் முதல் மாணவர். இல்லினாய் பார் தேர்வில் தேறியவர். ஒழுக்கத்தை ஆராயும் குழு அவரிடம் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா என்று கேட்டது. அவர் உறுப்பினர் என்பதற்குத் துளி ஆதாரமும் இல்லை. ஆனால் அரசியல் நம்பிக்கையைப் பற்றி இப்படிக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை என்று பதில் சொல்ல மறுத்துவிட்டார். தன் வழக்கைத் தானே உச்ச நீதிமன்றம் வரை நடத்தினார். 1961-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். கேள்விக்குப் பதில் சொல்லாமல் விசாரணைக்குத் தடையாக நின்றவரைச் சேர்க்க மறுக்கலாம் என்றது பெரும்பான்மை. மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் அதே ஹியூகோ பிளாக். சுதந்திரமாக இருக்க நாம் அஞ்சக் கூடாது என்று அதில் எழுதினார். பத்தாண்டுகள் கழித்து பிளாக் இறந்தபோது அவர் விரும்பியபடியே அந்தத் தீர்ப்பின் பகுதி அவருடைய இறுதிச் சடங்கில் வாசிக்கப்பட்டது. அனஸ்டாப்லோ கடைசிவரை இல்லினாயில் வழக்கறிஞர் ஆகவில்லை. பேராசிரியராக வாழ்ந்து, 2014-ல் மறைந்தார்.

அவர் செய்ததை நான் வணங்குகிறேன். ஆனால் அவர் மறைக்கவில்லை. ‘சொல்ல மாட்டேன், கேட்க உங்களுக்கு உரிமையில்லை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, அதற்கான விலையையும் கொடுத்தார். உங்கள் மாமா சொல்லும் வழிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சில் உங்கள் கொள்கையைக் கேட்கவில்லை, வழக்கு இருந்ததா என்பதைத்தான் கேட்கிறது. அப்படிக் கேட்க அதற்கு உரிமை உண்டு.

இனி நம் ஊர்ச் சட்டத்துக்கு வருகிறேன். அமெரிக்கத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. அதன் தர்க்கத்தை எடுத்துச் சொல்லலாம், கேட்பார்கள், அவ்வளவுதான். உங்களுக்கு அதைவிட வலுவான துணை, 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவு. ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர், தீண்டாமைக் குற்றச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டவர், ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றச்சாட்டில் அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர் ஆகியோரைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது அது. அந்தத் தடைகூட தண்டனை முடிந்து விடுதலையான அல்லது பணியிலிருந்து நீக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தால் போய்விடும். நீங்கள் தண்டிக்கப்படவில்லை. உங்கள் வழக்கு விசாரணைக்கே போகவில்லை. விடுதிக் கட்டணத்துக்காகச் சாலையில் உட்கார்ந்ததை ஒழுக்கக்கேடு என்று யாரும் சொல்ல முடியாது. 24ஏ உங்களைத் தொடவே இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 188-ஆவது பிரிவில் போலீஸார் தாங்களாகவே முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது என்றும், அமைதியாகப் போராடியவர்கள்மீது 143-ஐப் போடுவது சரியல்ல என்றும் விரிவாக எழுதி வழக்குகளை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நேரில் அழைத்து யாராவது கேட்டால் பயன்படும்.

இப்போது மறு பக்கத்தைப் பாருங்கள். அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு, முக்கியமான ஓர் உண்மையைத் திரித்துச் சொல்லிப் பதிவு பெற்றவரின் பெயரை, அவர் தரப்பைக் கேட்டபின், பட்டியலிலிருந்தே நீக்க இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. அதற்குக் காலக்கெடு எதையும் அந்தப் பிரிவு சொல்லவில்லை. நீங்கள் பத்தாண்டுகள் தொழில் செய்து பெயர் வாங்கிய பிறகு, எதிர்த் தரப்பில் தோற்ற ஒருவர் பழைய முதல் தகவல் அறிக்கையைத் தோண்டியெடுத்துப் புகார் கொடுக்கலாம். அப்போது கேள்வி சாலை மறியலைப் பற்றியதாக இருக்காது, படிவத்தில் நீங்கள் எழுதிய ‘இல்லை’யைப் பற்றியதாக இருக்கும். யாருக்குத் தெரியப் போகிறது என்று மாமா கேட்கிறார். இன்று முதல் தகவல் அறிக்கைகள் எல்லாம் கணினியில் இருக்கின்றன. பெயரைத் தட்டினால் வந்துவிடும். அது மட்டுமல்ல. நாளை குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சியைப் பார்த்து ‘நீங்கள் உண்மையை மறைக்கிறீர்கள்’ என்று கேட்கப் போகிறவர் நீங்கள். அந்தத் தொழிலின் வாசலிலேயே மறைப்பதா?

உங்கள் மாவட்டத்துக்காரரையே சொல்கிறேன். ஒட்டப்பிடாரத்தில் பிறந்து தூத்துக்குடியில் வக்கீலாக இருந்த வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908-ல் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, செக்கிழுத்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவரிடம் கப்பலும் இல்லை, வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமான சன்னதும் இல்லை. பிற்பாடு சன்னதைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியில்தான் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். பிறகு கோவில்பட்டியில் வழக்கு நடத்தினார். ராஜ துரோகக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவருக்கே அந்நிய ஆட்சியில் நீதிமன்றக் கதவு மறுபடி திறந்திருக்கிறது. ஊரறிந்த கைதியாக, எதையும் மூடி மறைக்காமல்தான் அவர் திரும்பி வந்தார். மாமா தயங்கினால் இதைச் சொல்லுங்கள். அமெரிக்கத் தீர்ப்பைவிட இது அவருக்கு எளிதில் விளங்கும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்டேஷனில் வாயால் சொன்னதை நம்பி எழுதாதீர்கள். மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதாகப் போலீஸார் சொல்வது ஒன்று; அந்த அறிக்கை குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் தாக்கலாகி, நடுவர் அதை ஏற்று உத்தரவிட்டிருப்பது வேறு. எனக்குத் தெரிந்து, முடிந்துவிட்டது என்று ஸ்டேஷனில் சொல்லப்பட்ட வழக்குகள் பிற்பாடு சம்மனாக வந்து நின்றதுண்டு. முதல் தகவல் அறிக்கையின் எண்ணைக் கொண்டு அந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு, உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அப்படி உத்தரவு எதுவும் இல்லை, வழக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று தெரிந்தால் விண்ணப்பத்தைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். நிலுவையிலுள்ள வழக்கோடு பதிவுக்குப் போவது வேறு விதமான சிக்கல். 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் பற்றி மிகக் கடுமையான உத்தரவிட்டது. முதலில் ஜீவானந்தம் தீர்ப்பைக் காட்டி, வழக்கை ரத்து செய்யக் கோரி மதுரைக் கிளையில் மனுச் செய்யுங்கள். அது முடிந்தபின் பதிவுக்குப் போகலாம். சில மாதம் தாமதமானாலும் கவலையில்லை.

உத்தரவு கையில் இருந்தால், படிவத்தில் சுருக்கமாக எழுதுங்கள். இன்ன ஆண்டு, இன்ன காவல் நிலையம், இன்ன குற்ற எண், இன்ன பிரிவுகள், கல்லூரி மாணவனாக இருந்தபோது விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து நடந்த மறியலில் கைது செய்யப்பட்டு அன்று மாலையே விடுவிக்கப்பட்டேன், இன்ன நாளில் இன்ன நீதிமன்றம் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதை ஏற்று உத்தரவிட்டது, நகல் இணைத்துள்ளேன். இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம், போராட்டத்தின் நியாயத்தை விளக்கும் கட்டுரையும் வேண்டாம். படிவத்தில் இடம் போதாவிட்டால் தனித் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இணையுங்கள். உங்களை நன்கு அறிந்த பேராசிரியர் ஒருவரிடமும், நீங்கள் பயிற்சிக்குச் சென்ற வழக்கறிஞரிடமும் நன்னடத்தைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் எழுதுகிறவர்களிடமும் இந்த வழக்கைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். விஷயம் தெரிந்து ஒருவர் கொடுக்கும் கடிதத்துக்குத்தான் மதிப்பு. ஷ்வேர் தன் டீனிடம் முதலிலேயே சொன்னது பிற்பாடு எவ்வளவு உதவியது என்பதைப் பார்த்தீர்கள்.

மாணவர் அமைப்பைப் பற்றி எழுத வேண்டுமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் அந்தத் தயக்கம் தெரிகிறது. படிவம் கேட்காததை நீங்களாக எழுத வேண்டியதில்லை. கேட்காததைச் சொல்லாமல் விடுவது மறைப்பு ஆகாது. நேரில் யாராவது கேட்டால், இருந்தேன், இன்ன ஆண்டு விலகினேன் என்று சொல்லுங்கள். சட்டப்படி இயங்கும் ஓர் அமைப்பில் இருந்ததற்காக நீங்கள் யாரிடமும் தலைகுனிய வேண்டாம். ஒருவேளை பதிவுக் குழு உங்களை மறுக்க நினைத்தாலும் அதோடு கதை முடிவதில்லை. 26-ஆவது பிரிவின்படி மறுப்பதற்கான காரணங்களை எழுதி இந்திய பார் கவுன்சிலின் கருத்துக்கு அனுப்பியாக வேண்டும். அதற்குப் பிறகும் மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். உங்கள் விவரங்களைப் பார்த்தால் அந்த அளவுக்குப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கட்டணம்: 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர்கள் சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் பதிவுக் கட்டணம் என்ற பெயரிலோ வேறு பெயரிலோ மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்றது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். முத்திரைத் தீர்வை தனி. அதற்கு மேல் யார் எந்தத் தலைப்பில் கேட்டாலும், ரசீதில் அந்தத் தலைப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். அப்பாவிடம் கடன் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நகல் மனுவை இந்த வாரமே போட்டுவிடுங்கள்.